சிறைப்பணியும் விடுதலைக்குப் பிறகும்: பெங்களூருத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பரப்பன அக்ரஹாரா மத்தியச் சிறையில் இருப்பவர்களைப் பற்றியும், அங்கிருந்து வீடு திரும்பியவர்களைப் பற்றியும் ஸ்ரீராமபுரம், அல்சூர், லிங்கராஜபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே உள்ளன. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். குற்றவியல் சட்டப் பிரிவுகளுக்கு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய எண்களையே கொடுத்திருக்கிறோம். உங்கள் வழக்கு என்று வரும்போது வழக்கறிஞரிடம் காகிதங்களைக் காட்டாமல் எதையும் செய்யாதீர்கள்.

சிறைப்பணின்னா உள்ளே போய் பிரசங்கம் பண்றதுதானே?

சிறைப்பணி என்பது கைதிகளைச் சந்தித்து ஆறுதலாகவும் துணையாகவும் இருக்கும் பணி. பிரசங்கம் அதில் சின்னப் பகுதி. பெரும்பகுதி உட்கார்ந்து கேட்பதுதான். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், அதாவது இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். அவர்கள் மனதில் ஓடுவது அடுத்த வாய்தா எப்போது, வீட்டு வாடகை யார் கட்டுகிறார்கள், அம்மாவுக்கு உடம்பு எப்படி என்பதுதான். கன்னடமும் இந்தியும் வராத ஒருவருக்குத் தமிழில் அரை மணி நேரம் பேச ஆள் கிடைப்பதே பெரிய ஆறுதல்.

நம் சிறைகளில் இந்தப் பணியைப் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்களே செய்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் இந்தியச் சிறைப்பணி 1981-ல் கேரளத்தில் தொடங்கியது. இந்து, இஸ்லாமிய, பௌத்த அமைப்புகளும் தியானம், பஜனை, ரமலான் ஏற்பாடுகள் என்று வருகின்றன.

நேரா ஜெயில் கேட்டுக்குப் போய் கேட்டா உள்ளே விடுவாங்களா?

விடமாட்டார்கள். தனிநபராக அல்லாமல் ஓர் அமைப்பின் பெயரில், அதன் தலைப்புத் தாளில், சிறைக் கண்காணிப்பாளருக்கோ சிறைத்துறைத் தலைமை அலுவலகத்துக்கோ விண்ணப்பிக்க வேண்டும். வருபவர்களின் பெயர்ப்பட்டியல், ஆதார் நகல், புகைப்படம், போலீஸ் நன்னடத்தைச் சான்று, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்ன நிகழ்ச்சி என்ற விவரம் எல்லாம் இருக்கட்டும். பட்டியலில் இல்லாத நண்பரைக் கூடவே அழைத்துப் போவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. அன்றைக்குக் குழு முழுவதும் வாசலிலேயே நிற்க நேரிடும்.

உறவினர் ஒருவர் உள்ளே இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழுவோடு போகும் நாளில் அவரைத் தனியாகப் பார்க்க முயன்றால் குழுவின் அனுமதியே போய்விடும். அவரைப் பார்க்கத் தனியாக மனுப் போட்டுத்தான் போக வேண்டும்.

கைதி வேற மதமா இருந்தா? மதம் மாத்த வந்திருக்காங்கன்னு சொல்லிட மாட்டாங்களா?

சொல்வதற்கு இடம் கொடுக்காமல் நடப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு தரும் மத உரிமை சிறைக்குள்ளும் உண்டு. கைதிகளை நடத்தும் முறை குறித்து ஐ.நா. 2015-ல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 65-வது விதி, மதப் பணியாளரைச் சந்திக்கும் வாய்ப்பைக் கைதிக்கு மறுக்கக் கூடாது என்கிறது. அவர் வேண்டாம் என்றால் அந்த விருப்பத்தை முழுமையாக மதிக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது.

எங்கள் நிலை இதுதான்: சோப்பு, துணி, வக்கீல் உதவி எதையும் வழிபாட்டுக்கு வந்தால்தான் என்று கட்டக் கூடாது. பூட்டிய கதவுக்குள் இருப்பவருடைய சம்மதம் முழுச் சுதந்திரமான சம்மதம் அல்ல. முஸ்லிம் கைதி தமிழ்க் குர்ஆன் கேட்டால், கிறிஸ்தவக் குழுவாக இருந்தாலும், அதிகாரியிடம் சொல்லி வாங்கித் தர ஏற்பாடு செய்யுங்கள்.

உள்ளே என்ன எடுத்துட்டுப் போகலாம்?

எழுத்தில் அனுமதி வாங்கியதை மட்டும். செல்போன், தீப்பெட்டி, புகையிலை, கண்ணாடிச் சாமான், உலோகப் பொருள்கள் கூடாது. பிரசாதமும் கேக்கும் கூட முன்னனுமதி இல்லாமல் போகாது. புத்தகம் என்றால் மெல்லிய அட்டை, நடுவே எதுவும் செருகப்படாதது.

'வெளியே போய் இந்த நம்பருக்கு ஒரு கால் மட்டும் பண்ணுங்க'ன்னு சீட்டு குடுக்கறார். பாவமா இருக்கு, பண்ணலாமா?

கூடாது. அந்த எண் அவருடைய மனைவியுடையதாக இருக்கலாம், வழக்கில் சாட்சி சொல்லப் போகிறவருடையதாகவும் இருக்கலாம். உங்களுக்குத் தெரிய வழியில்லை. சாட்சியை மிரட்டத் துணைபோனதாக நாளை உங்கள் மீதே வழக்கு வரலாம்.

அதற்காக முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம். சிறையிலேயே கைதிகளுக்கான தொலைபேசி வசதி உண்டு. அதில் எண்ணைப் பதிவு செய்யத் தெரியாமலோ, கன்னடத்தில் விண்ணப்பம் எழுத வராமலோ பலர் தவிக்கிறார்கள். விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள், நல அதிகாரியிடம் அவர் முன்னிலையிலேயே சொல்லுங்கள்.

தான் செஞ்சதை என்கிட்ட சொல்லிட்டார். ரகசியம் காக்கணுமா, போலீஸ்ல சொல்லணுமா?

சாட்சியச் சட்டம் வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் பேசுவதையும், கணவன் மனைவி பேச்சையும் பாதுகாக்கிறது. மதப் பணியாளரிடம் சொன்னதற்கு அப்படி வெளிப்படையான பாதுகாப்பு அதில் இல்லை. போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது. சாதாரண ஆளிடம் ஒப்புக்கொண்டதை நீதிமன்றம் பலவீனமான சாட்சியமாகவேனும் எடுத்துக்கொள்ள முடியும். ஆகவே வழக்கின் விவரத்தைத் துருவிக் கேட்காதீர்கள். அவராகத் தொடங்கினால், 'இதை உங்க வக்கீல்கிட்ட சொல்லுங்க, எனக்கு உங்க மனசுல இருக்கறது போதும்' என்று மென்மையாக நிறுத்துங்கள். கத்தோலிக்கக் குருவின் ஒப்புரவு அருட்சாதன முத்திரை, அதாவது பாவ அறிக்கையில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு, திருச்சபைச் சட்டப்படி மீற முடியாதது. ஆனால் அது குருவுக்கு மட்டும்தான், பங்குக் கோவிலிலிருந்து போகும் தன்னார்வலருக்கு இல்லை.

ஒரு விஷயத்தில் தயக்கமே வேண்டாம். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு தகவல் கொடுப்பதைக் கட்டாயமாக்குகிறது. மறைத்தால் 21-வது பிரிவில் தண்டனை உண்டு. தற்கொலை எண்ணம் தெரிந்தாலும் அன்றே சிறை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டையும் முதல் சந்திப்பிலேயே கைதியிடம் அறிவித்துவிடுவதுதான் நேர்மை.

பையன் உள்ளே இருக்கான். வக்கீலுக்குப் பணமில்லை. யாரைப் பார்க்கணும்?

1987-ம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, காவலில் இருக்கும் யாருக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. வருமானச் சான்று தேவையில்லை. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம், அல்லது நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைய அலுவலகத்துக்குப் போகலாம். கையில் குற்ற எண், காவல் நிலையம், பிரிவுகள், அடுத்த வாய்தா தேதி இருக்கட்டும். இவை இல்லாமல் போனால் முதல் நாள் வீணாகும்.

ஜாமீன் ஆர்டர் ஆகி ரெண்டு மாசமாச்சு. சூரிட்டி இல்லாம உள்ளேயே இருக்கார்.

எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், அதிகம் வலிப்பதும் இதுதான். நீதிபதி விடச் சொன்ன மனிதர் ஒரு காகிதத்துக்காக உள்ளே கிடக்கிறார். கிருஷ்ணகிரியிலோ விழுப்புரத்திலோ இருந்து வேலைக்கு வந்தவர் என்றால் பெங்களூரில் நிலமோ வீடோ வைத்திருக்கும் சொந்தக்காரர் யாரும் இருப்பதில்லை. சூரிட்டி, அதாவது பிணை, நிற்பவரிடம் பொதுவாகக் கேட்பது ஆதார், புகைப்படம், நிலமென்றால் ஆர்.டி.சி. எனும் பஹணி (நிலப் பதிவேட்டு நகல்), வீடென்றால் கட்டாவும் (சொத்துப் பதிவுச் சான்று) வரி ரசீதும், இவை இல்லாவிட்டால் சம்பளச் சான்று. எல்லாக் காகிதத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்ப் பெயரில் தலைப்பெழுத்து முன்னும் பின்னும் மாறி இருப்பதால் திருப்பி அனுப்பப்படுவது சகஜம்.

வெளியூர் சூரிட்டி என்பதற்காகவே மறுக்கக் கூடாது என்று 1978-லேயே மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே நீதிமன்றத்தின் 2023 ஜனவரி 31 உத்தரவு இன்னும் நேரடியானது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் வெளியே வராவிட்டால் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணை கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். நீங்கள் செய்ய வேண்டியது, வழக்கறிஞர் மூலம் அந்த உத்தரவைச் சுட்டி, சொந்தப் பிணையோ சூரிட்டிக்குப் பதில் பண வைப்போ கேட்டு மனுப் போடுவது. மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்த ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, மாவட்டக் குழு வழியாக விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் உதவி இருந்தது. போதைப்பொருள், உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு), ஊழல் தடுப்பு, சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கு இது கிடையாது.

நீதிமன்ற வாசலில் பணம் வாங்கிக்கொண்டு சூரிட்டி நிற்கும் ஆட்களிடம் போகவே போகாதீர்கள். போலி ஆவணம் என்று தெரிந்தால் ஜாமீன் ரத்தாவதோடு புது வழக்கும் சேரும்.

பாதி தண்டனைக் காலம் கழிஞ்சா விசாரணைக் கைதியை விட்டுடுவாங்களாமே?

குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதியை உள்ளே கழித்தவருக்கும், முன்பு தண்டனை பெறாத முதல்முறையாளர் என்றால் மூன்றில் ஒரு பங்கு கழித்தவருக்கும், பி.என்.எஸ்.எஸ். எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவில் வெளியே வர வழி உண்டு. கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மரணமோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றமாக இருந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலோ கிடைக்காது. உத்தரவு வந்த பிறகும் சூரிட்டிச் சிக்கல் வரலாம். அதற்கு மேலே உள்ள பதிலைப் பாருங்கள்.

ஆயுள் தண்டனைன்னா 14 வருஷத்துல வந்துடலாம்தானே?

இல்லை. ஆயுள் என்றால் சட்டப்படி வாழ்நாள் முழுவதும்தான். மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை 14 ஆண்டுக்கு முன் விடக் கூடாது என்பதே பி.என்.எஸ்.எஸ். பிரிவு 475. அதன் பிறகு முன்விடுதலையை அரசு பரிசீலிக்கலாம், அவ்வளவுதான். குடும்பத்துக்குத் தேதி சொல்லி நம்பிக்கை கொடுக்காதீர்கள். அந்தத் தேதி பொய்த்த வாரத்தில் சாப்பாட்டை நிறுத்தியவர்கள் உண்டு.

எங்க ஊர் சேலம் பக்கம். அங்க ஜெயிலுக்கு மாத்த முடியுமா?

தண்டனைக் கைதி என்றால் முடியும். கைதிகள் இடமாற்றச் சட்டம் 1950-ன் கீழ் இரண்டு மாநில அரசுகளும் சம்மதிக்க வேண்டும், எனவே மாதக்கணக்கில் ஆகும். விசாரணைக் கைதிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

விடுதலை நாள்ல என்ன செய்யணும்?

வேலை அதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். முதலில் வேறு ஊரில், வேறு நிலையத்தில் வாரண்ட் நிலுவையில் இருக்கிறதா என்று வக்கீல் மூலம் பாருங்கள். பழைய வழக்கு ஒன்றில் பாடி வாரண்ட் (சிறையில் இருப்பவரை வேறு வழக்கில் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு) வந்து, வாசலுக்கு வந்தவரைத் திரும்ப அழைத்துப் போவது அடிக்கடி நடக்கிறது. அடுத்து, யார் வீட்டில் தங்குவார் என்பதை அந்த வீட்டாரின் வாயாலேயே கேட்டு உறுதி செய்யுங்கள். 'பார்த்துக்கலாம்' என்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்ற உத்தரவு சிறைக்கு வந்து சரிபார்த்து முடிக்க மாலையோ இரவோ ஆகிவிடும். ஓசூர் சாலையில் அந்த நேரத்தில் கையில் காசில்லாமல் நிற்பவரைப் பழைய கூட்டாளி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் நம் மூன்று மாத உழைப்பும் அங்கேயே போய்விடும். ஆகவே ஒருவர் கட்டாயம் போய் நில்லுங்கள். பேருந்துக் காசு, செருப்பு, சார்ஜ் உள்ள போன், சாப்பாடு கொண்டு போங்கள். உள்ளே ஒப்படைத்த பொருள்கள், வேலை செய்த கூலி, மருந்துச் சீட்டு, விடுதலைச் சான்று எல்லாம் வாங்கிவிட்டாரா என்று வாசலிலேயே கேளுங்கள்.

முதல் வாரம் எதை முதல்ல பார்க்கணும்?

மருந்தை. காசநோய்ச் சிகிச்சை குறைந்தது ஆறு மாதம். நடுவில் விடுதலையானால் அரசு மையத்தில் மறுநாளே பதிய வேண்டும். எச்.ஐ.வி. கூட்டு மருந்து, வலிப்பு மாத்திரை, மனநல மாத்திரை எதுவும் ஒரு நாள்கூட விடக் கூடாது. பிறகு ஆதாரில் செல்போன் எண் மாற்றம், சிம், ரேஷன் அட்டையில் பெயர். இரண்டு ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாத வங்கிக் கணக்கு செயலிழந்திருக்கும், கே.ஒய்.சி. கொடுத்தால் திரும்பும். 2016-க்கு முன் உள்ளே போனவர் யு.பி.ஐ.யைப் பார்த்ததே இல்லை. டீக்கடையில் அவர் திகைத்து நின்றால் பக்கத்தில் நின்று ஒருமுறை காட்டிக் கொடுங்கள், சிரிக்காதீர்கள்.

பணமாகக் கையில் கொடுப்பதைவிட வாடகை முன்பணத்தை வீட்டுக்காரரிடமும், கருவி வாங்கக் கடைக்காரரிடமும் நேரே கட்டுவது நல்லது. சந்தேகத்தால் சொல்லவில்லை. கையில் காசிருக்கிறது என்று தெரிந்தால் பழைய கடன்காரர்கள் அன்றே வந்து நிற்பார்கள்.

உள்ளே இருந்தப்போ எல்லாத்தையும் விட்டுட்டார். இப்ப பயம் இல்லைதானே?

ஊசியிலோ மாத்திரையிலோ போதை எடுத்தவருக்கு மிக ஆபத்தான காலமே விடுதலைக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரம்தான். உடலின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவை எடுத்தால் உயிர் போகும். வீட்டாருக்கு இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். நிம்ஹான்ஸில் போதை மீட்பு மையம் இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம்.

பிள்ளைங்ககிட்ட 'அப்பா துபாய்ல இருக்கார்'னு சொல்லி வச்சிருக்கோம். இப்ப வரப்போறார்.

வருவதற்கு முன் உண்மையைச் சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளை என்றால், 'அப்பா ஒரு தப்பு பண்ணார், அதுக்காக ஒரு இடத்துல இருக்க வேண்டி இருந்தது, இப்ப வரார்' என்பது போதும். அம்மா சொல்லட்டும், பாட்டியோ பாதிரியாரோ வேண்டாம். பல பிள்ளைகளுக்குத் தெருவில் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அவர்கள் காத்திருப்பது வீட்டில் யாராவது வாயைத் திறப்பதற்குத்தான்.

வேலைக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் கேக்கறாங்க. கேஸை மறைச்சிடலாமா?

மறைக்காதீர்கள். படிவத்தில் கேட்டிருந்தால் உண்மையை எழுதுங்கள். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்ததன்படி, வழக்கை மறைத்தது தெரிந்தால் அதையே காரணமாக்கி வேலையிலிருந்து நீக்க முடியும். உண்மையைச் சொன்னவரைப் பரிசீலிக்கவாவது வழியிருக்கிறது. நன்னடத்தைச் சட்டம் 1958-ன் கீழ், சிறைக்கு அனுப்பாமல் விடப்பட்டவருக்கு அந்தத் தண்டனையால் தகுதியிழப்பு வராது என்று அதன் 12-வது பிரிவு சொல்கிறது. இதைப் பலர் அறிவதில்லை, தீர்ப்பு நகலைக் கையில் வைத்திருங்கள்.

செக்யூரிட்டி வேலைக்கும் ஆட்டோ பேட்ஜுக்கும் சரிபார்ப்பு கடுமை. பெயின்டிங், சென்ட்ரிங், சமையல், தையல், காய்கறி மொத்தக்கடை ஆகியவை முதல் ஆண்டுக்கு ஏற்றவை. முதலாளியிடம் வழக்கைப் பற்றிச் சொல்வதானால் விடுதலையாகி வந்தவரின் சம்மதத்தோடு, அவரை வைத்துக்கொண்டே சொல்லுங்கள்.

வெளியே வந்து ஒழுங்கா இருக்கார். ஆனா ரவுடி ஷீட் இருக்குன்னு ஒவ்வொரு பண்டிகைக்கும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடறாங்க.

ரவுடி ஷீட் என்பது ஒருவரைக் கண்காணிக்கக் காவல் நிலையம் வைத்திருக்கும் பதிவு. வழக்கு முடிந்தாலும் அது தானாகப் போகாது. விடுதலைத் தீர்ப்புகளின் சான்றிட்ட நகல், வேலைச் சான்று, சில ஆண்டுகளாகப் புது வழக்கு இல்லை என்ற விவரம் இவற்றோடு நிலைய ஆய்வாளர் வழியாக ஏ.சி.பி.க்கும் (உதவி ஆணையர்) டி.சி.பி.க்கும் (துணை ஆணையர்) மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடலாம். அதுவரை கூப்பிட்டால் போகாமல் இருக்க வேண்டாம். கூட ஒருவர் போங்கள், போன தேதியை எழுதி வையுங்கள்.

பாதிக்கப்பட்டவங்க வீட்டுக்குப் போய் கால்ல விழணும்னு துடிக்கறார். கூட்டிட்டுப் போகலாமா?

வழக்கு நடக்கும்போது கூடவே கூடாது. சாட்சியைக் கலைத்ததாக ஜாமீன் ரத்தாகும். வழக்கு முடிந்த பிறகும், திடீரென்று வாசலில் போய் நிற்பது அவர்களுக்கு இன்னொரு அடி. இரு தரப்பும் நம்பும் ஒருவர் முதலில் தனியாகப் போய்க் கேட்கட்டும். வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது, இரண்டாம் முறை கேட்கக் கூடாது. மன்னிப்பது அவர்கள் கடமையல்ல. அவர்களுக்கு இழப்பீடு கிடைத்ததா, பி.என்.எஸ்.எஸ். பிரிவு 396-ன் கீழ் சட்டப்பணிகள் ஆணையத்தில் விண்ணப்பித்தார்களா என்று பார்க்க ஏற்பாடு செய்தால், அதுவும் நம் பணிதான்.

ஓட்டு போடலாமா? பாஸ்போர்ட் கிடைக்குமா?

சிறையில் இருக்கும்போதுதான் ஓட்டு இல்லை. ஜாமீனில் வந்தவரும் தண்டனை முடித்தவரும் போடலாம். பாஸ்போர்ட்டுக்கு, விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுக்குள் தார்மீகக் கேடான குற்றத்துக்கு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றிருந்தால் மறுக்கலாம். வழக்கு நிலுவையில் இருந்தால் நீதிமன்ற அனுமதி வாங்கி விண்ணப்பிக்கலாம்.

அவ பொம்பளை. புருஷன் வீடும் சேர்க்கலை, அம்மா வீடும் சேர்க்கலை.

ஆண் திரும்பினால் தெரு ஒரு மாதம் பேசும். பெண் திரும்பினால் கதவே திறக்காது. இந்த அநியாயத்தை முன்கூட்டியே எதிர்பார்த்துத் திட்டமிடுங்கள். விடுதலைக்கு முன்பே மாவட்ட மகளிர், குழந்தைகள் நல அலுவலகத்தில் சக்தி சதன் எனும் ஆதரவற்ற பெண்களுக்கான அரசுத் திட்ட இல்லத்தில் இடம் கேளுங்கள். தாயோடு சிறையில் இருக்கும் குழந்தை ஆறு வயது வரைதான் அங்கே இருக்கலாம், அதன்பின் எங்கே என்பதைத் தாயோடு பேசி எழுத்தில் வையுங்கள். வீட்டாரோடு பேச்சைத் தங்கையிடமோ சித்தியிடமோ தொடங்குங்கள். கணவனிடம் முதலில் போய் மறுப்பு வாங்கிவிட்டால் மற்றக் கதவுகளும் மூடிக்கொள்ளும்.

பரோல்ல வந்தவர் திரும்பிப் போக மாட்டேங்கறார். ரெண்டு நாள் எங்க வீட்டுல இருக்கட்டுமான்னு அவங்க அம்மா கேக்கறாங்க.

முடியாது என்று சொல்லுங்கள், அன்போடும் உடனேயும். காவலிலிருந்து தப்பியவருக்கு அடைக்கலம் தருவது குற்றம். அதில் கணவன் அல்லது மனைவிக்கு மட்டுமே விலக்கு, தாய்க்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. திரும்பாவிட்டால் அவர் அதுவரை சம்பாதித்த தண்டனைக் குறைப்பும் அடுத்த பரோலும் போய்விடும். பெரும்பாலும் பின்னால் ஒரு காரணம் இருக்கும்: மகள் கல்யாணம், தகப்பன் ஆஸ்பத்திரியில், அல்லது உள்ளே யாரோ மிரட்டியது. காலம் முடிவதற்குள் என்றால், காரணத்தையும் ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் வைத்து நீட்டிப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். மிரட்டல் என்றால் வேறு பிளாக்கோ வேறு சிறையோ கேட்டுக் கண்காணிப்பாளருக்கும் சட்டப்பணிகள் ஆணையத்துக்கும் எழுதிக் கொடுங்கள். காலம் முடிந்துவிட்டால், வக்கீலோடு நீங்களும் போய் அவரைச் சிறை வாசலில் ஒப்படையுங்கள். தானாகத் திரும்பியவர் என்று பதிவாவதற்கும் பிடித்து வரப்பட்டவர் என்று பதிவாவதற்கும் அடுத்த விண்ணப்பத்தில் நிறைய வித்தியாசம் இருக்கிறது.